கொடுமுடி கோகிலத்தின் விரதம்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்திருக்கிறது கொடுமுடி. பிரம்மா, திருமால், மகேசுவரன் ஆகிய மூவரையும் ஒரே வளாகத்தில் தரிசிக்கும் பேறு அத்தலத்துக்கு உண்டு. மகுடேசுவரருக்கும் வீரநாராயணப் பெருமாளுக்கும் தனித்தனிச் சந்நிதிகள். பிரம்மாவோ வன்னி மரத்தடியில் வீற்றிருக்கிறார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளியது இப்பாண்டிக் கொடுமுடியில்தான். தாம் இறைவனை மறந்தாலும் தமது நா அவன் நாமத்தை மறவாது என்று அவர் உரைத்த அந்த மண்ணில் 1908-ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுந்தரம்பாள் என்று பெயரிட்டனர். பின்னாளில் தமிழகமெங்கும் கே.பி.எஸ். என்ற மூன்றெழுத்தால் அறியப்பட்ட கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் அம்மையார் அவரே.

பிறந்த ஊரின் பெயரும் பெற்ற தாயின் பெயரும் தலைப்பெழுத்துகளாக அமைந்ததில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. தந்தையின் ஆதரவு அக்குடும்பத்துக்கு நிலைக்கவில்லை. வறுமையின் கொடுமையில் தாய் பாலாம்பாள் பிள்ளைகளோடு பட்ட பாடு சொல்லில் அடங்காது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் ஈந்த காசைக் கொண்டு குடும்பத்துக்கு உதவினார். வண்டியின் கடகட ஒலியை மீறிக் கடைசி இருக்கை வரை எட்டிய குரல் அது. அக்குரலைக் கேட்டவர்கள் வழியாகவே நாடகக் குழுவின் கதவு அவருக்குத் திறந்தது.

வேலு நாயரின் நாடகக் குழுவில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த மகன். பஞ்சத்தால் வாடி, தமையன் வீட்டிலும் புகலின்றி, பெற்ற பிள்ளைகள் எழுவரையும் கிணற்றில் தள்ளும் தாயின் கதை அது. பசி தாளாமல் அன்னையிடம் அழுது பாடும் சிறுவனாகச் சுந்தராம்பாள் மேடை ஏறினார். கொட்டகையில் இருந்தோர் கண்ணீர் விட்டனர் என்பதில் வியப்பில்லை. அந்தப் பசி எத்தகையது என்பது அச்சிறுமிக்கு யாரும் கற்பிக்க வேண்டியிராத பாடம்.

அக்காலத்து இசை நாடகம் இன்றைய தலைமுறைக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய பாடல்களும் உரையாடல்களுமே தென்னகத்து மேடைகளின் பொதுச்சொத்து. 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை இருந்தது. ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வர். ஒத்திகை என்பதே கிடையாது. முன்பின் பாராதவர்கள் அன்றிரவு மேடையில் சந்தித்து, பாட்டுக்குப் பாட்டு, வாதத்துக்கு வாதம் என்று விடியும் வரை நாடகத்தை நடத்திச் செல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத் தாயியில் பாடினால்தான் பிழைப்பு. எதிரே நிற்பவர் எடுத்த ராகத்தை வாங்கி அதற்கு மேலே ஒரு படி ஏற வேண்டும்; இயலாவிட்டால் ஊரே சிரிக்கும். அம்மையாரின் சங்கீதக் கல்விக்கூடம் இதுதான். தம்பூராவின் முன் அமர்ந்து பெற்ற பயிற்சியை விட இது எளிது என்று எவரேனும் எண்ணினால் அது தவறு.

அம்மேடையில் நிகரற்ற வேந்தராக விளங்கியவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்தவர். ஆடவர்க்கு அரிதான உயர்ந்த சுருதியில், வளைவும் நெளிவும் கலையாமல் பாடிய அந்தக் கந்தருவக் குரலைக் கேட்க, கச்சேரி வித்துவான்களும் கொட்டகைக்கு வந்தனர் என்பர். சுந்தராம்பாள் இலங்கையில் புகழ்பெற்று விளங்கிய காலத்தில், 1926-இல், கிட்டப்பாவும் அங்கே நாடகமாட வந்தார். அவரோடு ஒரே மேடையில் பாடினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளை அச்சுறுத்தியவர்கள் உண்டு. அவர் அஞ்சவில்லை. 'வள்ளி திருமண'த்தில் கிட்டப்பா வேலனாக வர, சுந்தராம்பாள் வள்ளியாக எதிர்நின்றார். இரு குரல்களும் ஒன்றையொன்று வெல்ல முயன்று, வெல்ல இயலாமல், ஒன்றோடொன்று இழைந்தன. 1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அந்த மணத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதை ஒரு காதல் காவியமாகவே எழுதுகின்றனர். உண்மை அத்தனை இனிமையானது அன்று. கிட்டப்பா முன்பே மணமானவர். குலமும் வேறு. வள்ளியாகச் சுந்தராம்பாளைக் கைதட்டி வரவேற்ற அதே சமூகம், கிட்டப்பாவின் மனைவியாக அவரை முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை. இருவருக்கும் இடையே பிணக்குகள் எழுந்தன. பிரிந்திருந்த நாட்களில் அம்மையார் எழுதிய கடிதங்களில் அன்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் தன்மானமும் உண்டு. கிட்டப்பாவைக் குடிப்பழக்கம் பற்றியது, உடல் நலிந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 27. அம்மையாருக்கு 25.

அன்று முதல் வெண்ணிற ஆடை. அணிகலன்கள் இல்லை. நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம். இனி எந்த ஆடவருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று விரதம் பூண்டு கொடுமுடிக்குத் திரும்பினார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கைம்மை நோன்பு என்பது அந்நாளில் பெண்களின் மீது ஏற்றப்பட்ட சுமை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சுமந்தாக வேண்டியது. அம்மையாரின் நிலையோ விசித்திரமானது. மனைவி என்ற உரிமையையே தயங்கித் தயங்கி அளித்த ஊர், கைம்பெண்ணாக வாழும்படி அவரைக் கட்டாயப்படுத்தியிருக்கப் போவதில்லை. நாடகக் கலைஞர்தானே, மீண்டும் மேடையேறி எவரோடும் நடித்துப் பொருள் ஈட்டட்டும் என்றே விட்டிருக்கும். அவ்வாறு நடித்திருந்தால் குறை சொல்லவும் இடமில்லை. இருபத்தைந்து வயதில் தென்னகத்தின் மிக உயர்ந்த குரல் அவருடையது. எவரும் கேளாத ஒரு நோன்பை அவர் தாமே எடுத்துக்கொண்டார். மனைவி என்று பிறர் சொல்லத் தயங்கியதை, ஐம்பதாண்டு நெருங்கும் வெள்ளாடையால் அவரே சொல்லிவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். இதை இன்றைய பெண்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. அம்மையாரும் அவ்வாறு பிறருக்கு உபதேசித்தவர் அல்லர். அது அவருக்கும் அவருடைய மனத்துக்கும் இடையில் நடந்த உடன்படிக்கை.

விரதம் பூண்ட நடிகைக்கு எந்த வேடம் கிடைக்கும்? நாயகியாக நடிக்க முடியாது. இருபத்தைந்து வயதில் தாய் வேடமும் பொருந்தாது. தொழில் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். அப்போதுதான் அசன்தாஸ் என்ற படத் தயாரிப்பாளர் 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க அழைத்தார். மறுத்து அனுப்பிவிடும் எண்ணத்தோடு, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டாராம் அம்மையார். பள்ளி ஆசிரியர் ஒருவர் மாதம் சில பத்து ரூபாய்களில் குடும்பம் நடத்திய காலம் அது. கேட்டவர் திகைத்து ஓடிவிடுவார் என்பது அம்மையாரின் கணக்கு. கணக்கு பொய்த்தது, அசன்தாஸ் சம்மதித்துவிட்டார்.

1935-இல் அப்படம் வெளிவந்தது. அதில் அம்மையார் ஏற்றது நந்தனார் வேடமே! ஆடவரோடு இணைந்து நடியேன் என்றவர், ஆடவராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நடிப்பின் பொருட்டு அப்படத்தை எவரும் இன்று நினைவுகூர்வதில்லை. கல்கி அதை மிகக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். அவர் பேனாவிலிருந்து தப்பியவர் அந்நாளில் குறைவு. ஆயினும் ஒரு பொருத்தத்தை மறுக்க இயலாது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி, கோயில் வாயிலுக்கு வெளியே நின்ற அடியவர் நந்தனார். மங்கல நிகழ்ச்சிகளின் வாயிலுக்கு வெளியே நிற்கும்படி விதிக்கப்பட்ட கோலத்தில் இருந்தவர் அம்மையார். வெளியே நிற்பவரின் குரலாகத்தான் அந்தப் பாடல்கள் ஒலித்தன.

நம் குடும்பங்களில் இன்றும் ஒரு வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. திருமணத்துக்குப் புறப்படும்போது வெள்ளாடை அணிந்தவர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று உள்ளே சென்று தண்ணீர் குடித்துவிட்டு வருவோர் இருக்கின்றனர். மணமேடையில் பெற்ற தாயே பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். ஆனால் அதே குடும்பங்கள், கோயில் திருவிழாவின் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கே.பி.எஸ். குரல் எழுந்தால்தான் விழா தொடங்கியதாகக் கொண்டனர். வெள்ளாடைப் பெண்மணி ஒருவரின் குரலால் முருகனையும் பிள்ளையாரையும் துயிலெழுப்பினர். இந்த முரணை எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அம்மையாரும் அதைப் பற்றி வாதாடவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்.

தேசிய இயக்கத்துக்கும் அக்குரல் பயன்பட்டது. தீரர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டதாகவும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அவர் வேடிக்கையாகக் கேட்க, அம்மையார் தட்டையும் அளித்துவிட்டதாகவும் அவ்வூரில் சொல்வர். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1940-இல் 'மணிமேகலை' படத்தில் நடித்தார். துறவறம் மேற்கொண்ட பெண்ணின் கதை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அம்மையாரை என்றென்றைக்கும் நிலைநிறுத்திய வேடம் 1953-இல் வந்தது. ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்'. அதற்கு முன்பே, 1942-இல், டி.கே.எஸ். சகோதரர்கள் 'ஔவையார்' நாடகத்தை மேடையேற்றியிருந்தனர். அதில் ஔவையாக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது முப்பது; ஆடவர். மூதாட்டியாகவே மாறி நின்ற அந்நடிப்பால் இறுதி வரை அவர் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாலகனாகப் பயின்றவர் அவர். ஆண் ஒருவர் ஔவையாகவும், பெண் ஒருவர் நந்தனாராகவும் நின்று மக்களின் பக்திக் கண்ணீரைப் பெற்ற மேடை நம்முடையது. பக்தி என்று வந்துவிட்டால் ஆண், பெண் என்ற பேதத்தை நம் முன்னோர் பொருட்படுத்தவில்லை. வேடம் உண்மையாக இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தனர்.

ஔவையின் கதையை எண்ணிப் பாருங்கள். திருமணப் பேச்சு எழுந்தபோது, இளமையும் அழகும் வேண்டாம், முதுமையைத் தா என்று விநாயகரிடம் வேண்டிப் பெற்றவர் என்பது மரபு. அந்தக் காட்சியில் அம்மையார் நடிக்கவில்லை; இளமைப் பருவத்து ஔவையாக வேறொருவர் வருவார். ஆயினும் முதுமை வரம் பெற்று ஊன்றுகோலோடு அம்மையார் நடந்து வரும்போது, இருபத்தைந்து வயதில் தம் இளமையைத் தாமே இறக்கி வைத்தவர் இவர் என்பதை அறிந்த ரசிகர்களுக்கு அது வெறும் வேடமாகத் தோன்றியிராது. யானைக் கூட்டம் கோட்டைக் கதவைத் தகர்க்கும் காட்சியை அந்நாளில் வியந்து பேசாதவர் இல்லை. அத்தனை யானைகளுக்கும் நடுவே நினைவில் நிற்பது அந்த மூதாட்டியின் குரல்தான்.

1964-இல் 'பூம்புகார்'. சிலப்பதிகாரக் கதை, வசனம் மு. கருணாநிதி. அம்மையாருக்குக் கவுந்தியடிகள் வேடம். ஒன்று சமணத் துறவி, மற்றொன்று பழுத்த சைவர். திருநீறு இல்லாமல் நடிப்பதற்கே அம்மையார் தயங்கினார் என்பர். பெரிய தயக்கம் ஒரு பாடலில் வந்தது. கோவலன் கொலையுண்ட பின், நின்று தண்டிக்க வேண்டிய தெய்வம் எங்கே போயிற்று என்று வினவுவதாக ஓர் அடி அமைந்திருந்தது. தெய்வம் இல்லை என்று பொருள்படும் சொல்லைத் தம் நாவால் பாட இயலாது என்றார் அம்மையார். எழுதியவர் இறைமறுப்புக் கொள்கையில் ஊன்றியவர். புகழின் உச்சியில் இருந்த வசனகர்த்தா. அவர் சினம் கொள்ளவில்லை. தெய்வம் இங்கேயே வந்துவிட்டது என்று பொருள்படுமாறு அவ்வடியை மாற்றித் தந்தார். படத்தில் ஒலிப்பது அந்த மாற்றிய அடியே. கொள்கையில் இரு துருவங்களாக நின்ற இருவர், ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மதித்த அந்நிகழ்ச்சியை இன்று எண்ணும்போது பெருமூச்சுதான் வருகிறது.

மறு ஆண்டு 'திருவிளையாடல்'. இயக்கிய ஏ.பி. நாகராஜனும் பாலகனாக டி.கே.எஸ். குழுவில் பெண் வேடமிட்டுப் பயின்றவரே. இசை நாடக மேடையின் அருமையை அறிந்தவராதலால், அம்மையாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஞானப்பழம் கிடைக்காத சினத்தில் பழனி மலையில் வந்து நிற்கும் பாலமுருகனைச் சமாதானம் செய்ய ஔவை வருகிறார். கோபித்த குழந்தையிடம் ஒரு பாட்டி பேசும் குழைவும், கடவுளிடம் ஓர் அடியவர் பேசும் பணிவும் அந்த ஒரே பாடலில் கலந்து நிற்கும். மைக் இல்லாத மேடையில் பழகிய குரல் என்பதால், ஒலிப்பதிவுக் கருவிக்காக அவர் தம்மை அடக்கிக்கொள்ளவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக, எழுத்துச் சிதையாமல், உரக்கவே பாடினார். தமிழ் உச்சரிப்பைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்பும் பெற்றோர் அப்பாடலை ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும். சிவராத்திரி இரவுகளில் இப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாவது வழக்கமாகிவிட்ட பிறகு, நாடகக் கொட்டகையையே கண்டிராத பிள்ளைகளும் அக்குரலை அறிந்தனர்.

பிறகு 'மகாகவி காளிதாஸ்', 'கந்தன் கருணை', 'துணைவன்'. 1969-இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த பின், சினிமாவில் இளம்பெண்களுக்குரியது என்று எண்ணப்படும் ஒரு பரிசை, முருகனைப் பாடிப் பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ. ஒருமுறையேனும் வண்ணச் சேலையோ, பொருந்தாத ஒரு வேடமோ ஏற்றாரா என்றால் இல்லை. வேடங்கள்தாம் அவரைத் தேடி வெள்ளாடையோடு வந்தன.

1973-இல் 'காரைக்கால் அம்மையார்'. இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். கணவன் பரமதத்தன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகியபின், இவ்வுடலின் அழகு இனி யாருக்கு என்று இறைவனிடம் பேய்வடிவம் வேண்டிப் பெற்ற அம்மையாராகக் கே.பி.எஸ். தோன்றினார். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்த அவரை, பெருமானே 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரிய புராணம் கூறும். ஆடும் இறைவனின் முன் அமர்ந்து, அவனை இன்னும் ஆடும்படி பாடும் அந்தக் காட்சியில் அறுபத்தைந்து வயதுக் குரல் சிறிதும் நடுங்கவில்லை. அம்மையாரின் புகழ்பெற்ற கடைசி வேடங்களுள் அது ஒன்று.

1980-இல் அம்மையார் மறைந்தார். கிட்டப்பா மறைந்து நாற்பத்தேழாம் ஆண்டு அது. அவர்கள் இருவரும் தனித்தனியே பாடி வெளியிட்ட இசைத்தட்டுகள் இன்றும் சேகரிப்போரிடம் இருக்கின்றன. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு அடியில், வேலனின் குரல் ஒன்றிலும் வள்ளியின் குரல் மற்றொன்றிலும் கேட்கிறது.